கொப்பி நிறையவில்லை என்றால் பிள்ளை படிக்கவில்லையா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி ஒருமுறை திரும்பச் சொல்கிறேன். மகள் திருகோணமலை நகரில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் தரம் 2 படிக்கிறாள். இரண்டாம் தவணையும் பாதி கடந்துவிட்டது. கொப்பியைப் புரட்டினால் எழுதிய பக்கங்கள் சொற்பம். இன்று என்ன படித்தாய் என்று கேட்டால், சிப்பி பிரித்தோம், பாட்டுப் பாடினோம், கடை வைத்து விளையாடினோம் என்கிறாள். கொழும்பில் தனியார் பாடசாலையில் படிக்கும் உங்கள் அக்காவின் மகன் அதே வயதில் பக்கம் பக்கமாக எழுதுகிறான். ஆகவே இப்போதே அவளைத் தரம் 5இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு ஒன்றில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அந்த வகுப்பைப் பற்றியதாக இருந்தாலும் உங்களை உறுத்துவது வேறு: இந்தப் பாட்டும் விளையாட்டும் உண்மையில் படிப்புத்தானா, இல்லை பிள்ளையின் நல்ல வயது வீணாகப் போகிறதா? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து, பின்னர் ஆசிரிய ஆலோசகராகத் திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கப் பாடசாலைகளில் வகுப்பறையின் பின்வாங்கில் உட்கார்ந்து பல ஆண்டுகள் பாடங்களைப் பார்த்தவள். உங்கள் மகளையோ அவளுடைய வகுப்பாசிரியரையோ நான் அறியேன். அதனால் அந்த வகுப்பில் நல்ல கற்பித்தல் நடக்கிறதா என்ற தீர்ப்பை இங்கிருந்து என்னால் வழங்க முடியாது. எதைப் பார்த்தால் நீங்களே அதைக் கண்டுகொள்ளலாம் என்பதைச் சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். தரம் 1இலும் 2இலும் கொப்பி மெலிந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததல்ல. பாடத்திட்டமே அப்படித்தான் அமைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதலாவது நிலை, 3, 4 இரண்டாவது, 5 மூன்றாவது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகச் செய்துபார்த்து, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கற்பிக்கும் வழிகளாக வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றும் வகுக்கப்பட்டன. முதல் நிலையில் விளையாட்டுக்குத்தான் பெரிய இடம், எழுத்து வேலைக்கு மிகச் சிறிய இடம். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் 5க்கு வரும்போது எழுத்து வேலை முன்னுக்கு வந்துவிடும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்பவைதாம் பாடங்கள். அந்தத் திட்டத்தில் ஆங்கிலம் தரம் 1, 2இல் பேச்சாக மட்டும் வரும், இரண்டாம் தேசிய மொழி தரம் 3இலிருந்து. ஆகவே உங்கள் மகளின் வகுப்பாசிரியர் கடை விளையாட்டு நடத்துகிறார் என்றால், அவர் வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆசிரியர் வழிகாட்டி அவரிடம் கேட்பதும் அதைத்தான்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் இருக்கிறது. ஆறு ஏழு வயதில் விரல்களின் சிறு தசைகள் நீண்ட நேரம் பென்சிலைப் பிடிக்கும் அளவுக்கு உறுதிப்படுவதில்லை. ஒரு பக்கம் எழுதும்போது பிள்ளையின் கவனம் முழுவதும் கையிலேயே போய்விடும், எழுதுகிற சொல்லில் இருக்காது. எண் என்பதும் அப்படித்தான். ஏழு புளியங்கொட்டைகளை இரண்டாகப் பிரித்து, மூன்றும் நான்கும், ஐந்தும் இரண்டும், ஆறும் ஒன்றும் என்று கையால் மாற்றி மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு 3 + 4 = 7 என்பது ஏற்கெனவே கண்ட ஒன்றைக் கடதாசியில் குறிப்பது. அப்படிப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் கீறல். இதில் ஆரம்பக் கல்வியைப் பற்றி அறிந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் உங்கள் கவலையில் ஒரு பாதி நியாயமானது. செயற்பாடு என்ற பெயரில் நடப்பதெல்லாம் கற்றல் அல்ல. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, கையெல்லாம் பசையும் வர்ணமுமாக வகுப்பு முழுவதும் சுறுசுறுப்பாக இருக்கும். மணி அடித்ததும் ஒருவர் மனத்திலும் எதுவும் மிஞ்சியிருக்காது. நான் பார்த்தவரையில் இரண்டையும் பிரிக்கிற அளவுகோல் ஒன்றுதான். அந்தச் செயற்பாட்டில் ஏதாவது ஓர் இடத்தில் பிள்ளை தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்ததா, எடுத்த முடிவைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்ததா? இருந்தது என்றால் அது பாடம். எல்லா முடிவையும் ஆசிரியரே எடுத்துவிட்டுப் பிள்ளையின் கையை மட்டும் வாங்கிக்கொண்டார் என்றால் பொழுது போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகள் சொன்ன சிப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புவெளிக் கரையிலோ டச்சுக்குடாவிலோ ஒரு பை நிறையச் சிப்பியும் சோகியும் பொறுக்கி வருவதற்குச் செலவே இல்லை; திருகோணமலையில் ஏறக்குறைய எல்லா ஆரம்பப் பிரிவு வகுப்பிலும் ஒரு டப்பா இருக்கும். ஒரு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் மீன் ஒன்று வரைந்து, எல்லோருக்கும் அதே மீனின் உருவத்தைக் கடதாசியில் கொடுத்து, அதன்மேல் சிப்பிகளை ஒட்டச் சொல்கிறார். அழகாக வரும், சுவரில் தொங்கும், அதிபர் பாராட்டுவார். பிள்ளை பழகியது ஒட்டுவதை. இன்னொரு வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு குழுவின் முன்னும் ஒரு குவியலைக் கொட்டிவிட்டு, "இதைப் பிரித்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. முதலில் ஒரே சத்தம். ஒருத்தி பெரிதைப் பெரிதோடு சேர்க்கிறாள். பக்கத்தில் இருப்பவன் உடைந்ததையெல்லாம் தனியே தள்ளுகிறான். இரண்டும் பொருந்தாமல் சண்டை வருகிறது. ஆசிரியர் அந்தச் சண்டையை நிறுத்துவதில்லை, "பெரிதாகவும் இருக்கிறது, உடைந்தும் இருக்கிறது, இது எங்கே போகும்?" என்று ஒரு சிப்பியைத் தூக்கிக் காட்டுகிறார். பிள்ளைகள் வாயடைத்துப்போகிற அந்தச் சில விநாடிகள்தாம் பாடம். பிறகு ஒரு குழு பிரித்ததை மற்றக் குழு வந்து பார்த்து, என்ன விதியில் பிரித்தார்கள் என்று கண்டுபிடிக்கிறது. வெண்கட்டியால் தரையில் கோடு கீறி வரிசையாக அடுக்கினால் எந்த வகை கூடுதல், எத்தனையால் கூடுதல் என்று கண்ணாலேயே தெரிகிறது. கடைசியில் கரும்பலகையில் நான்கைந்து சொற்கள்: வழுவழுப்பு, சொரசொரப்பு, முழுச்சிப்பி, உடைந்த சிப்பி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரேயொரு வசனம் எழுதுகிறது. கொப்பியில் நீங்கள் பார்ப்பது அந்த ஒரு வசனத்தைத்தான். அதற்குப் பின்னால் வகைப்படுத்தலும் எண்ணுதலும் ஒப்பிடுதலும் வாதாடுதலும் நடந்திருக்கின்றன.

சிறுவர் சந்தையும் இதே கதைதான். எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகள் வீட்டிலிருந்து வல்லாரைக் கட்டும் முருங்கையிலையும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து மேசை போட்டு விற்பார்கள். பெற்றோரும் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வாங்குவார்கள். ஆண்டு முழுவதும் நடத்தும் கணிதத்துக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. கட்டு 60 ரூபாய், வாங்க வந்த அம்மம்மா 100 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். நூறிலிருந்து அறுபதைக் கழி என்று கொப்பியில் கொடுத்தால் தடுமாறுகிற பிள்ளை, அங்கே அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு என்று பத்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போகும். கடைக்காரர் மிச்சக்காசு கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அது கற்ற வழி. மறுநாள் வகுப்பில் அந்த நாற்பதைத்தான் கழித்தலாக எழுதிக் காட்ட வேண்டும். அப்படி எழுதாமல் சந்தையோடு விட்டால் பாதிப் பயன் போய்விடும். இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சந்தை நாளில் பெரும்பாலான மேசைகளுக்குப் பின்னால் ஒரு தாயோ தந்தையோ நின்று, பிள்ளைக்கு முந்தி மிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். வரிசை நீண்டால் நீளட்டும், இருபது ரூபாய் நட்டமானால் ஆகட்டும், விலகி நில்லுங்கள்.

கண்காட்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் உண்டு. தரம் 2 பிள்ளை செய்ததாகப் பெயர் ஒட்டிய தெர்மோகோல் துறைமுகத்தையும் மின்விளக்குப் போட்ட கோணேசர் கோவிலையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இரவு இரண்டு மணி வரை கண்விழித்துச் செய்தது தாய் என்பது ஆசிரியருக்கும் தெரியும், அதிபருக்கும் தெரியும். பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது, தன் கையால் செய்தது வெளியில் காட்டத் தகுந்ததல்ல என்பதை மட்டும். அடுத்த முறை அப்படிக் கேட்டால், மகள் தானே செய்த கோணல் பெட்டியை அனுப்புங்கள். நல்ல ஆசிரியர் அதைத்தான் முன்னால் வைப்பார்.

சுற்றாடல்சார் செயற்பாடுகளுக்கு நம் ஊரைப்போல் வாய்த்த ஊர் குறைவு. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. மான் என்ன சாப்பிடும் என்று கேட்டால் புல், இலை என்று ஒப்பிக்கிற பிள்ளையை, பாடசாலைக்கு வரும் வழியில் ஒரு வாரம் பார்த்துவிட்டு வரச் சொன்னால், குப்பை மேட்டில் வாழைப்பழத்தோலும் பொலித்தீன் பையும் தின்றதைக் கண்டு வந்து சொல்லும். பார்த்து அறிந்ததும் படித்ததும் முரண்படுகிற இடத்தில் கேள்வி பிறக்கிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது கூடச் சூடு என்று கைவைத்துப் பார்த்து வரிசைப்படுத்துவது, சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியானதும் கரைவலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்து எந்த மீன் எப்படி இருந்தது என்று வரைவது, தம்பலகாமத்து வயலில் ஒரே இடத்தை விதைப்பிலும் அறுவடையிலும் பார்ப்பது, எல்லாம் இந்த வகை. சுற்றுலா போய் பஸ்ஸில் பாட்டுப் பாடிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டு வந்தாலும் பிள்ளைக்கு மகிழ்ச்சிதான். அதைப் பாடம் என்று எழுதிவைக்க வேண்டியதில்லை.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். விளையாட்டால் எண்ணும் மொழியும் சிந்தனையும் வளரும். வாசிப்பு தானாக வராது. பேச்சு ஒரு பிள்ளைக்கு வீட்டில் காதால் கேட்டே வந்துவிடும், எழுத்து அப்படி வருவதில்லை. யாராவது ஒருவர் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக, நாள்தோறும், சிறிது சிறிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் போன வகுப்புகளில் பின்தங்கியவை விளையாட்டால் பின்தங்கவில்லை. நாளில் ஒரு பகுதியை எழுத்துக்கும் வாசிப்புக்கும் உறுதியாக ஒதுக்காததால் பின்தங்கின. தரம் 5க்கு வந்தும் ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க இயலாத பிள்ளைகள் நம் மாகாணத்தில் இருக்கிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறையும் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிப்பதும் சேர்ந்த இடங்களில் அது கூடுதல்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது நன்கு தெரிந்ததுதான். 247 எழுத்து என்று பயமுறுத்தி அட்டையை மனப்பாடம் செய்விப்பது தேவையில்லாத பாரம். உயிரின் குறிகளைப் பிள்ளை விளங்கிக்கொண்டால் பெரும்பகுதி தானாகத் திறக்கும். சிக்கல் சில குறிப்பிட்ட இடங்களில். கெ, கே, கை என்பவற்றில் காதில் மெய்க்குப் பின்னால் கேட்கும் உயிர், கடதாசியில் முன்னால் வந்து நிற்கிறது. கொ, கோ என்பவற்றில் இருபுறமும் நிற்கிறது. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை முதலில் க எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும். உகர வரிசையில் கு, சு, டு, து, பு, மு என்று வடிவம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இவற்றுக்கு உண்மையிலேயே பயிற்சி வேண்டும். படம், பட்டம் என்ற இரண்டையும் ஒன்றுபோல எழுதுவது இன்னொன்று. நாம் பேசும்போது மழையை மளை என்றுதான் சொல்கிறோம். பிள்ளை மளை என்று எழுதினால் அது கவனக்குறைவல்ல, காதை நம்பி எழுதியிருக்கிறது. அது நல்ல அடையாளம். திருத்தலாம், திட்டக்கூடாது. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. க என்ற ஒரே எழுத்து கல்லில் ஒருவிதமாகவும் பகலில் ஒருவிதமாகவும் தங்கத்தில் ஒருவிதமாகவும் ஒலிக்கிறது. ப, க, ல் என்று வல்லென்று கூட்டி வாசித்த பிள்ளை, அது தான் தினமும் சொல்லும் பகல்தான் என்று கண்டுகொள்ள வேண்டுமானால் அந்தச் சொல் முன்பே அதன் காதில் இருந்திருக்க வேண்டும். பாட்டும் கதையும் உரையாடலும் வாசிப்புக்கு உதவுவது இந்த வழியில்தான்.

எண்ணிலும் இப்படி ஓர் இடம் உண்டு. நூற்றைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். நூறையும் எழுதி ஐந்தையும் எழுதியிருக்கிறது, கேட்டபடியே. அதைப் பத்துத் தடவை திருத்தி எழுதச் சொல்வதில் பயனில்லை. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக றப்பர் வளையம் போட்டுக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, அதன் பக்கத்தில் ஐந்து தனி ஈர்க்குகளை வைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய சிறு கட்டுகளின் இடம் வெறுமையாக இருப்பதைக் காட்டினால், பூச்சியம் எதற்காக அங்கே நிற்கிறது என்று பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

இவை உறுதியானவை. இனி, கற்றறிந்தவர்களிடையேயும் முடிவாகாதவை சில. எழுத்தை முதலில் அறிமுகப்படுத்திச் சொல்லுக்குப் போவதா, தெரிந்த சொல்லை முதலில் காட்டி அதிலிருந்து எழுத்தைப் பிரிப்பதா என்பதில் இரு பக்கத்திலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரண்டு வழியிலும் நன்றாக வாசிக்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே தவணைக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிய வகுப்புகள்தாம் குழம்பின. இந்த வயதில் வீட்டுவேலை பயன் தருமா என்பதும் தெளிவில்லாதது. பத்து நிமிட வாசிப்பு பயன் தரும் என்று தைரியமாகச் சொல்வேன். ஒரு மணி நேரம் பார்த்து எழுதுவதற்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. கையெழுத்து அழகும் அறிவும் ஒன்றோடொன்று போகின்றன என்று நம்பும் பெற்றோர் பலர். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், எழுதும் திசை சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அழகை வைத்துப் பிள்ளையை எடைபோட நான் தயாரில்லை.

ஆண்டின் போக்கையும் நினைவில் வையுங்கள். வழமையான ஆண்டில் தை மாதம் பாடசாலை தொடங்கும்போது இங்கே மாரி முழுதாக விட்டிருக்காது. தரம் 1க்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரங்கள் பிள்ளையின் திறன்களை இனங்காணும் செயற்பாடுகளிலும் புதியவர்களை வரவேற்கும் கால்கோள் விழாவிலும் போகும். மற்றத் தரங்களுக்குப் பொங்கல் விழாவும் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியும் முதல் தவணையைக் கடித்துவிடும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகள் எழுத்தில் ஒரு பகுதியை மறந்து வருவார்கள், இது எல்லா ஆண்டும் நடப்பது. இரண்டாம் தவணைதான் நீண்ட தடையில்லாத காலம். கச்சான் காற்றும் வெயிலும் கடுமையாக இருந்தாலும் முற்றம் காய்ந்திருக்கும், வெளியே போக முடியும். அதனால் செயற்பாடுகள் கூடுதலாக இந்தத் தவணையில் விழும். ஐப்பசியில் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாசிப்பு மாதம், முன்னும் பின்னுமாக வாணிவிழா, அதன்பின் மழை. ஆகவே இந்தத் தவணையில் கொப்பி மெலிந்திருப்பதை மட்டும் வைத்து ஆண்டை அளக்காதீர்கள்.

அப்படியானால் வீட்டில் எதைப் பார்ப்பது? கொப்பியை மூடிவையுங்கள். மகள் முன்பு பார்த்திராத ஒரு சிறு கதைப்புத்தகத்தில் எளிய இரண்டு மூன்று வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும். மெதுவாகக் கூட்டி வாசித்தாலும் வாசித்ததன் பொருளைச் சொல்கிறாளா என்று பாருங்கள். இன்று நடந்ததில் ஒன்றை, எதையும் பார்க்காமல், நீங்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்காமல் எழுதச் சொல்லுங்கள். பிழைகள் நிறைய இருந்தாலும் நீங்கள் வாசித்து விளங்கிக்கொள்ள முடிந்தால் அவள் சரியான வழியில் இருக்கிறாள். கடைக்கு அழைத்துப் போய் இரண்டு சாமான்களின் விலையைக் கூட்டச் சொல்லுங்கள். வகுப்பில் செய்ததைத் தம்பிக்கோ தங்கைக்கோ செய்து காட்டச் சொல்லுங்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளக்கினால் அந்தச் செயற்பாடு பாடமாக இருந்திருக்கிறது. இவற்றில் வாசிப்பு மட்டும் முற்றாகத் தடைப்பட்டு நின்றால், அதாவது ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களைக்கூடக் கூட்ட முடியாவிட்டால், காத்திருக்க வேண்டாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கண்ணையும் காதையும். தரம் 1, 4, 7, 10இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அன்று அவள் பாடசாலைக்குப் போயிருந்தாளா, எதையாவது குறித்துக் கொடுத்தார்களா என்று தேடிப் பாருங்கள். கண்ணும் காதும் சரியாக இருந்தும் முயற்சிக்குப் பிறகும் எழுத்துகள் ஒட்டாவிட்டால் அது டிஸ்லெக்சியா போன்ற வாசிப்பு இடர்ப்பாடாக இருக்கலாம். அதை உறுதிசெய்வது ஆசிரியரின் வேலையல்ல, என் வேலையும் அல்ல. மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். சில எழுத்துகளை இடம் வலம் மாற்றி எழுதுவது மட்டும் இந்த வயதில் சாதாரணம், அதற்காக அஞ்ச வேண்டாம்.

அக்காவின் மகன் எழுதும் பக்கங்களைப் பற்றி: அவை கரும்பலகையைப் பார்த்து எழுதியவையா, அவன் சொந்தமாக எழுதியவையா என்று கேளுங்கள். சொந்தமாக என்றால் மகிழ்ச்சி. பார்த்து எழுதியவை என்றால் உங்கள் மகளின் ஒரு சிப்பி வசனத்தோடு அதை ஒப்பிட முடியாது.

புலமைப்பரிசில் வகுப்புக்கு என் பதில் வேண்டாம் என்பதே. 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி முயற்சிகளோடு, வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்குக் கொண்டுசேர்க்க வந்த பரீட்சை அது. இன்று உதவிப்பணத்துக்கும் பெயர்பெற்ற பாடசாலைகளின் தரம் 6 இடங்களுக்குமாக எல்லா வீட்டையும் ஆட்டிவைக்கிறது. இரண்டு வினாத்தாள்களிலும் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது கேள்வியை வேகமாக வாசித்து விளங்கிக்கொள்வது. தரம் 2இல் அந்த வாசிப்பைக் கட்டியெழுப்ப வேண்டிய பின்னேரத்தை வினாத்தாள் பயிற்சிக்குக் கொடுத்தால், கொடுத்த பணத்தை விடக் கூடிய நட்டம். வாசிப்பு சரளமாக இருந்தால் தரம் 4இன் நடுவில் இந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். பரீட்சையே வேண்டாம் என்று சொல்லும் வசதி எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும்; நகரத்துக்குத் தள்ளி மூதூரிலோ வெருகலிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது இன்னும் ஒரு கதவுதான்.

வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள், ஆனால் பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் வைத்து அல்ல. முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்கிப் போங்கள். "ஏன் எழுத்துவேலை கொடுப்பதில்லை, ரீச்சர்?" என்று தொடங்கினால் அவர் மறுநாளிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தெழுத வைப்பார், பெற்றோரின் வற்புறுத்தலால் கெட்டுப்போன நல்ல வகுப்புகளை நான் அறிவேன். "என் மகள் வாசிப்பில் எந்த அளவில் இருக்கிறாள், வீட்டில் எந்த எழுத்துகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கென்று குறிப்பாக, கொம்பு போடும் எழுத்துகளில் தடுமாறுகிறாள், இரட்டை எழுத்தை விடுகிறாள் என்பதுபோல ஒரு பதில் உடனே வந்தால் அவர் பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பலாம். எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற பொதுப்பதில் வந்தால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் போய்க் கேளுங்கள். அதற்குள் மகள் எதையும் பார்க்காமல் எழுதிய மூன்று நான்கு வரிகளை, பிழைகளைத் திருத்தாமல், பெயரும் பாடசாலையும் இல்லாமல் இங்கே எழுதிப் போட்டால், எந்த இடத்தில் பயிற்சி வேண்டும் என்று இதைவிடக் குறிப்பாக என்னால் சொல்ல முடியும்.